பத்துக் கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது? (7–11 வயது, சண்டே கிளாஸ்)

அயனாவரம் டீச்சர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜூன் மாதம் ஸ்கூல் திறந்ததும் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை எடுக்க வேண்டும். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் 45 நிமிடம்தான் கிடைக்கும். வாரம் ஒரு கட்டளை, பத்து வாரம் என்று போடலாமா?

மனப்பாடத்தில் குறை இல்லை. யாத்திராகமம் 20-ஐ மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். ஜெபம் முடிவதற்குள் பக்கத்தில் இருக்கிறவனின் பென்சில் காணாமல் போகும். வாயில் இருக்கிற வசனம் கைக்கு இறங்க வகுப்பில் என்ன செய்யலாம்? ஏழாம் கட்டளையை (விபசாரம் செய்யாதே) இந்த வயதுக்கு எதுவரை சொல்லலாம்? விக்கிரகம் பற்றிய கட்டளையும் யோசனையாக இருக்கிறது. நம் பிள்ளைகளின் ஸ்கூல் சிநேகிதர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். அவர்கள் மனம் நோகும்படி நம் பிள்ளைகள் பேசிவிடக் கூடாது.

தாம்பரம் ஆயர்

டீச்சர், பத்து வாரம் போதாது. பதிமூன்றாக வையுங்கள். முதல் வாரம் கட்டளையே வேண்டாம்.

நம் வகுப்புகளில் நடக்கிற பெரிய தவறு, 20-ஆம் அதிகாரத்தை மூன்றாம் வசனத்திலிருந்து தொடங்குவது. இரண்டாம் வசனம் என்ன சொல்கிறது? "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." முதலில் விடுதலை, அதற்குப் பிறகுதான் கட்டளை. இதை விட்டுவிட்டால் "நல்ல பிள்ளையாக இருந்தால்தான் இயேசப்பா நேசிப்பார்" என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் தப்பு செய்துவிட்டால் அன்றோடு ஜெபிக்கவும் பயப்படுவார்கள்.

அதனால் முதல் வாரம் யாத்திராகமம் 12 முதல் 14 வரை: பஸ்கா இரவு, செங்கடல். இரண்டாம் வாரம் 19-ஆம் அதிகாரம், சீனாய் மலை. பிறகு பத்து வாரம் பத்துக் கட்டளை. ஒரு வாரத்தைக் கையில் வைத்திருங்கள். மழை, சபை விசேஷம் என்று ஏதாவது ஒரு ஞாயிறு கைவிட்டுப் போகும். ஜூன் நடுவில் தொடங்கினால் செப்டம்பர் தொடக்கத்தில் முடியும். ஒவ்வொரு வாரமும் வகுப்பு தொடங்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "எகிப்திலிருந்து வெளியே வந்தது முதலிலா, கட்டளை கொடுத்தது முதலிலா?" நாலு வாரத்தில் அது அவர்களுக்குள் ஊன்றிவிடும்.

45 நிமிடத்தைப் பிரிப்பது: பாட்டு 5, போன வாரத்தின் தொடர்ச்சி 5, கதை 12, கேள்வியும் பேச்சும் 13, செயல் 7, ஜெபம் 3. கதை எப்போதும் 25 நிமிடத்துக்கு இழுக்கும், வெட்டுப்படுவது கேள்வி நேரமாக இருக்கும். கட்டளை பிள்ளையின் வாழ்க்கைக்குள் இறங்குவது அந்த 13 நிமிடத்தில்தான். கதையில் ஒரு பாத்திரத்தைக் குறைத்தாவது அதைக் காப்பாற்றுங்கள்.

லுத்தரன் புரசை

ஆயர் ஐயா சொன்னது அடித்தளம். அதன்மேல் ஒன்று.

லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை (கேள்வி பதிலாக அமைந்த விசுவாசப் பாடநூல்), 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழில் கொடுத்தார். பத்துக் கட்டளைகளை நடத்த அதில் இருக்கிற முறையைவிட எளிய முறை எனக்குத் தெரிந்து இல்லை. பெரும்பாலான கட்டளைகளுக்கு விளக்கம் இரண்டு பக்கமாக வரும்: எதைச் செய்யக் கூடாது, அதற்குப் பதில் எதைச் செய்ய வேண்டும். கொலை செய்யாதே என்றால், பிறனுடைய உடம்புக்குத் தீங்கு செய்யாதே. அதோடு அவனுக்கு ஆபத்து வரும்போது உதவு. களவு செய்யாதே என்றால், பிறன் பொருளை எடுக்காதே; அந்தப் பொருள் பத்திரமாக இருக்கவும் உதவு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்றால், இல்லாததைச் சொல்லாதே. அவனைப் பற்றி நல்லதைப் பேசு, அவன் செய்ததை நல்லவிதமாக எடுத்துக்கொள்.

போர்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் "செய்யாதே", வலது பக்கம் "செய்". இடது பக்கம் இரண்டே நிமிடத்தில் நிரம்பிவிடும். வலது பக்கம் பிள்ளைகள் திணறுவார்கள். வாய் திறந்து உதவாதீர்கள், காத்திருங்கள். "களவு"க்கு எதிரே "கீழே கிடந்த ஐ.டி. கார்டை ஆபீசில் கொடுப்பது", "இரவல் வாங்கின கதைப் புத்தகத்தை மடக்காமல் திருப்பிக் கொடுப்பது" என்று அவர்களே சொல்லும்வரை அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும்.

கட்டளைக்கு எண் சொல்லிக் கூப்பிடுவதில் மட்டும் கவனம். உங்கள் சபைக்கு ஏழாம் கட்டளை விபசாரம். எங்களுக்கு ஏழாவது களவு.

மறைக்கல்வி பெரம்பூர்

கத்தோலிக்க மறைக்கல்வியிலும் களவுதான் ஏழாவது. விடுதலைப் பயணம் (உங்கள் யாத்திராகமம்) 34:28-இல் பத்து என்ற எண்ணிக்கை இருக்கிறது. ஆனால் எது முதலாவது, எது இரண்டாவது என்று விவிலியம் எண் போட்டுக் கொடுக்கவில்லை. நாங்களும் லுத்தரன் சபையும் சிலை பற்றிய வசனத்தை முதல் கட்டளைக்குள் வைத்து, கடைசியில் வருகிற ஆசையை இரண்டாகப் பிரிக்கிறோம். சி.எஸ்.ஐ. போன்ற சபைகள் சிலையைத் தனிக் கட்டளையாக எண்ணி, ஆசையை ஒன்றாக வைக்கின்றன. மொத்தத்தில் எதுவும் குறைவதில்லை. பல சபைப் பிள்ளைகள் சேர்ந்து எழுதுகிற வினாடி வினாவில் "ஆறாவது கட்டளை எது?" என்று கேட்டு, சரியான பதிலுக்குத் தப்பு போடுவதுதான் கொடுமை. "களவைப் பற்றிய கட்டளை" என்று பொருளைச் சொல்லிக் கேட்டால் தீர்ந்தது.

சிலை விஷயத்தில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து "உங்கள் கோவிலில் மாதா சிலை இருக்கே" என்று மற்ற சபைப் பிள்ளைகள் கேட்பது சென்னையில் சாதாரணம். எங்கள் பதில்: சிலைக்கு ஆராதனை இல்லை, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, சிலை நினைவூட்ட மட்டும். உடன்படிக்கைப் பேழையின்மேல் கெருபுகளை, அதாவது இறக்கையுள்ள வானதூதர் உருவங்களை, செய்யச் சொன்னவரும் அதே கடவுள் (விடுதலைப் பயணம் 25:18). இன்னொரு பக்கத்தையும் நாங்கள் மறைப்பதில்லை. மோசே செய்த வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்தார் (2 அரசர்கள் 18:4). இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எந்தச் சபைப் பிள்ளைக்கும் கட்டளையின் கருத்து விளங்கும்.

தாம்பரம் ஆயர்

பிரதர் சொன்னதோடு, டீச்சரின் கேள்விக்கு. இந்தக் கட்டளை யாரிடம் சொல்லப்பட்டது என்று முதலில் காட்டுங்கள். எகிப்திலிருந்து மீட்கப்பட்டவர்களிடம், "நீ" என்று. அடுத்த வீட்டுக்காரர் எதை வணங்குகிறார் என்று விசாரிக்க நமக்குக் கொடுத்தது அல்ல. அப்போஸ்தலர் 19:37-ஐ வகுப்பில் வாசியுங்கள். எபேசுவில் கலகம் வந்தபோது, பவுலின் கூட்டாளிகள் "உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல" என்று ஊர் அதிகாரியே எழுந்து சொல்கிறான். அவர்கள் சுவிசேஷத்தை மறைக்கவில்லை, யாரையும் ஏளனமும் செய்யவில்லை. "அது வெறும் கல்" என்று ஸ்கூலில் பேசுகிற பிள்ளைக்கு இந்த வசனம் போதும்.

பொங்கல், தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வரும்போது என்ன செய்வது என்று நிச்சயம் கேட்பார்கள். 1 கொரிந்தியர் 10:25-29 இதைத்தான் பேசுகிறது. படைத்ததைச் சாப்பிடுவதா வேண்டாமா என்பதில் நம் குடும்பங்கள் ஒரே மாதிரி இல்லை. வகுப்பில் ஒரு சட்டம் போட்டு, பிள்ளையை வீட்டுக்கு எதிராக நிறுத்தாதீர்கள். "அப்பா அம்மாவிடம் கேள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சிரித்த முகத்தோடு நன்றி சொல்" என்பதோடு நிறுத்துங்கள்.

அண்ணாநகர் அம்மா

தாய் என்ற இடத்திலிருந்து கேட்கிறேன். ஐந்தாம் கட்டளை (தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு) வகுப்பு முடிந்த பிறகு வீட்டில் அதை நாம் பயன்படுத்துகிற விதம் சரியா? "சொன்ன பேச்சைக் கேட்கலேன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டி சொல்கிறார்கள். நாமோ வசனத்தைச் சொல்லியே மிரட்டுகிறோம். இன்னொன்று, ஸ்கூலிலிருந்து அடுத்த பிள்ளையின் பொருள் பையில் வந்துவிட்டால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? திட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தால் போதுமா?

தாம்பரம் ஆயர்

சிஸ்டர், முதல் கேள்விக்குச் சுருக்கமாக. எபேசியர் 6-இல் முதல் மூன்று வசனம் பிள்ளைகளுக்கு, நாலாம் வசனம் தகப்பன்மாருக்கு: பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள். நாலையும் சேர்த்தே வாசியுங்கள். கண்ணைக் குத்துகிற கடவுள் வேதத்தில் இல்லை. குருடன் கண்ணைத் திறந்தவர்தான் இருக்கிறார்.

இரண்டாம் கேள்விக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். களவைப் பற்றிய பாடத்தில் நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். "எடுக்காதே", "சாரி சொல்லு" இரண்டோடு முடிகிறது. வேதம் அதற்கு மேலே போய்க் கணக்கே போட்டுக் கொடுக்கிறது. யாத்திராகமம் 22:4-இல், திருடின ஆடோ மாடோ உயிரோடு அவன் கையில் பிடிபட்டால் இரட்டிப்பு. அதே அதிகாரம் முதல் வசனத்தில், விற்றோ கொன்றோ விட்டால் ஒரு மாட்டுக்கு ஐந்து, ஒரு ஆட்டுக்கு நாலு. ஆனால் எண்ணாகமம் 5:7-இல், தன் பாவத்தைத் தானே அறிக்கையிட்டு வருகிறவனுக்கு முதலும் ஐந்தில் ஒரு பங்கும் மட்டும். தானே வந்து சொல்கிறவனுக்குச் சுமை குறைவு. இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று ஏன் சொன்னான் என்பதும் அப்போதுதான் புரியும். யாரும் அவனைப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவன் சின்னக் கணக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது: 10 ரூபாய் பேனா பையில் வந்துவிட்டது என்றால், பேனா திரும்பப் போக வேண்டும், அதோடு 2 ரூபாய். பேனா தொலைந்துவிட்டால் 12 ரூபாய். காசு பிள்ளையின் உண்டியலிலிருந்தே வரட்டும். அப்பா பர்ஸைத் திறந்தால் பாடம் அங்கேயே முடிந்துபோகும். பொருள் உரியவன் கைக்கே போக வேண்டும். டீச்சர் மேசையில் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு வருவதில் பாதிதான் நடக்கும். எல்லார் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பதும் வேண்டாம், அடுத்த முறை அந்தப் பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். நீங்கள் கூடப் போய்ச் சற்றுத் தள்ளி நின்றால் போதும்.

நல்லெண்ணத்தில் செய்கிற ஒரு தவறும் உண்டு: "அந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுடு." கூடாது. மத்தேயு 5:23-24-இல் ஆண்டவர் சொல்வது நேர் எதிர். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு. கர்த்தருக்குப் போகிற வழி எண்ணாகமம் 5:8-இல் இருக்கிறது. வாங்கிக்கொள்ள உரியவனுடைய இனத்தானும் இல்லாதபோது மட்டும்.

வேளச்சேரி பி.எட்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 7 வயதுப் பிள்ளையும் 11 வயதுப் பிள்ளையும் தப்பை அளக்கிற விதம் வேறு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளிடம் இரண்டு கதை சொன்னார். ஒரு பையன் கதவைத் திறக்கும்போது, பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகள் உடைந்துவிட்டன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்தான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் 15-ஐ எண்ணி முதல் பையனைக் குற்றம் சொன்னார்கள். வளர்ந்த பிள்ளைகள் எண்ணத்தைப் பார்த்தார்கள்.

கொலை பற்றிய கட்டளைக்கு இது நேராக உதவும். உபாகமம் 19:5-ஐ எடுங்கள். இரண்டு பேர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஓங்கும்போது கோடரி காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் செத்துப்போகிறான். இவன் கொலைகாரனா? வகுப்பு இரண்டாகப் பிரியும், பேச விடுங்கள். பிறகு யோசுவா 20-இல் வருகிற ஆறு அடைக்கலப் பட்டணங்கள்: கேதேஸ், சீகேம், எப்ரோன், பேசேர், ராமோத், கோலான். கைதவறிச் செய்தவன் அங்கே ஓடிப் பிழைக்கலாம். எண்ணத்தையும் தேவன் பார்க்கிறார் என்று இங்கே விளங்கினால்தான் மத்தேயு 5:21-22-இல் கோபத்தைப் பற்றி இயேசு சொல்வதற்கு வழி திறக்கும். 7 வயதுக்காரர்களுக்கு அதுவரை போகாவிட்டாலும் பரவாயில்லை.

பரிசு பற்றியும் சொல்ல வேண்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பின நர்சரிப் பிள்ளைகளுக்கு "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னதும், பிறகு பரிசு இல்லாத நேரத்தில் அவர்கள் முன்னைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. வசனம் ஒப்புவித்ததற்கு ஸ்டார் ஒட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. உண்மை சொன்னதற்கும் விட்டுக்கொடுத்ததற்கும் மட்டும் சாக்லேட் அறிவிக்காதீர்கள்.

அயனாவரம் டீச்சர்

கோடரிக் கதையை நான் யோசித்ததே இல்லை, மிக்க நன்றி. ஏழாம் கட்டளை?

வேளச்சேரி பி.எட்.

அக்கா, 11 வயதுவரை கல்யாண வாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். "கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் தேவனுக்கு முன்னால் வாக்குக் கொடுக்கிறார்கள். புருஷனுக்கும் மனைவிக்கும் மட்டும் உரிய அன்பை வேறொருவருக்குக் கொடுத்து அந்த வாக்கை உடைப்பதுதான் விபசாரம்." இதை நிதானமான குரலில் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள், தயங்கினால்தான் குசுகுசுப்பு தொடங்கும். போர்டின் வலது பக்கத்தில் "கொடுத்த வாக்கைக் காப்பாற்று" என்று எழுதுங்கள். ரூத் தன் மாமியார் நகோமிக்குக் கொடுத்த வாக்கைக் கதையாக வைக்கலாம். யோசேப்பு–போத்திபாரின் மனைவி கதை 13 வயதுக்கு மேல். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிற பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். "வாக்கு மீறினவர்கள்" என்ற பேச்சு அந்தப் பிள்ளையைக் கிழிக்கும்.

அதே வாரம் உடல் பாதுகாப்பைச் சொல்லியே ஆக வேண்டும். "பெரியவர்களைக் கனம்பண்ணு" என்று இரண்டு வாரத்துக்கு முன் கற்றுக்கொடுத்திருப்போம். உடையால் மூடின இடத்தைத் தொட்டு, "யாரிடமும் சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும், அவர் உறவினராக, ஆசிரியராக, ஊழியக்காரராக இருந்தாலும், அதற்குக் கீழ்ப்படிவது கனம்பண்ணுதல் அல்ல. உடனே வந்து சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மனப்பாடம் செய்ய வையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, இப்படி ஒரு குற்றம் தெரிய வந்தால் போலீசில் தெரிவிப்பது கட்டாயம். "சபைக்குள் பேசி முடிப்போம்" என்பதற்கு இடமில்லை. வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தபடி.

லுத்தரன் புரசை

கடைசி வாரங்களுக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், 1 இராஜாக்கள் 21. பல கட்டளைகள் ஒரே கதையில் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுகின்றன.

ஆகாப் ராஜாவுக்கு அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த தோட்டம் வேண்டும். கீரைக்கொல்லை போடுவதற்கு! பிதாக்களின் சுதந்தரத்தைத் தரமாட்டேன் என்கிறான் நாபோத். நாட்டுக்கே ராஜா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலில் படுத்துச் சாப்பிட மறுக்கிறான். இந்த இடத்தில் நிறுத்தி, "இதுவரை யாராவது எதையாவது எடுத்தார்களா? யாரையாவது அடித்தார்களா?" என்று கேளுங்கள். இல்லை. ஆனால் ஒரு கட்டளை ஏற்கெனவே உடைந்துவிட்டது. எது என்று அவர்களே சொல்லட்டும்.

பிறகு அவன் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரில் நிருபம் எழுதி, அவன் முத்திரையையே போடுகிறாள். உபவாசம் கூறச் சொல்கிறாள். தேவனுடைய பெயர் நாடகத்துக்குப் பயன்படுகிறது. பொய்ச்சாட்சிகள் இரண்டு பேர். ஏன் இரண்டு? உபாகமம் 19:15-இன்படி ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நியாயப்பிரமாணத்தை நன்றாகத் தெரிந்துகொண்டே அதை வைத்துக் கொல்கிறார்கள். நாபோத் கல்லெறியுண்டு சாகிறான், தோட்டம் ராஜா கைக்குப் போகிறது. எலியா தீர்க்கதரிசி வந்து கேட்பது இரண்டே வார்த்தை: கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும்.

பத்து அட்டைகளில் பத்துக் கட்டளைகளை எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கதை போகப் போகத் தன் கட்டளை உடைகிற இடத்தில் எழுந்து நிற்க வேண்டும். இச்சை முதலில் எழும், பொய்ச்சாட்சி, கொலை, களவு வரிசையாக எழும். முத்திரை போடுகிற இடத்தில் வாதாடுவார்கள், வாதாட விடுங்கள்.

அண்ணாநகர் அம்மா

ஓய்வுநாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே ஆறாம் வகுப்பிலிருந்தே ஞாயிறு காலை கோச்சிங் வைக்கிறார்கள்.

தாம்பரம் ஆயர்

வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவாகிய மன்னாவிலிருந்து தொடங்குங்கள், சிஸ்டர். யாத்திராகமம் 16-இல், சீனாய்க்கு வருமுன்பே, ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர். ஒரு ஓமர் ஏறக்குறைய 2 லிட்டர் கொள்ளும். பாத்திரத்தில் அரிசி அளந்து காட்டலாம். ஒருநாள் வேலையை நிறுத்தினால் பட்டினி கிடக்க மாட்டோம் என்று நம்புவதற்கான பயிற்சி அது. கோச்சிங்கைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர்தான், அதனால் இதைப் பிள்ளையிடம் குற்றமாகச் சொல்லாதீர்கள்; பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள். சனிக்கிழமைதானே ஏழாம் நாள் என்று கேட்டால், ஆண்டவர் வாரத்தின் முதல் நாளில் உயிர்த்தெழுந்ததால் பெரும்பாலான சபைகள் ஞாயிறைக் கைக்கொள்கின்றன, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் சனிக்கிழமையைக் கைக்கொள்கிறார்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள்.

உபாகமம் 5:14-ஐ விட்டுவிடாதீர்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு ஞாயிறு லீவு உண்டா? இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். லீவு கொடுத்தால் அன்றைய பாத்திரத்தை யார் தேய்ப்பது என்பதையும் அவர்களே கேட்டுவரட்டும்.

அயனாவரம் டீச்சர்

ஒரே ஒரு சின்னக் கேள்வி மிச்சம். பத்துக் கட்டளை எழுதின கற்பலகை மாதிரி செய்ய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கலாமா?

வியாசர்பாடி தம்பி

வேண்டாம் அக்கா. அது இறுகும்போது சூடாகும். கையை உள்ளே விட்டால் தோல் வெந்துவிடும். உப்பு மாவு போதும்: 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் தூள் உப்பு, முக்கால் டம்ளர் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை விரல் தடிமனுக்குத் தட்டி, ஐஸ்கிரீம் குச்சியால் ஈரத்திலேயே எண்களைக் கீற வேண்டும். படங்களில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கும், ஆனால் யாத்திராகமம் 32:15-இல் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. அதனால் திருப்பிப் போட்டும் கீறச் சொல்லுங்கள். மேலே வளைவாகத்தான் இருக்க வேண்டும் என்று வேதத்தில் இல்லை, சதுரமாக வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும்.

சென்னைக் காற்றின் ஈரத்தை உப்பு இழுக்கும். ஜூனில் வெயிலில் இரண்டு நாள் வைத்து, அரைநாளுக்கு ஒருதரம் புரட்டிவிட்டால் காயும். மேல்புறம் மட்டும் காய்ந்தால் நடுவில் விரிசல் விடும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால மழை வரும் நாட்களில் செய்தால் பிசுபிசுவென்று ஆகிவிடும். அதனால் இரண்டாம் வாரமே, சீனாய் பாடத்தோடு செய்துவிடுங்கள். காய்ந்ததும் வார்னிஷ் ஒரு கோட்டிங். மாவில் உப்பு அதிகம், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.